ஆங்கிலத்தில் அவசரத்தைச் சொல்வது எப்படி: ‘ஹரி’ என்ற சொல்லுக்கு ஒரு வழிகாட்டி

‘ஹரி அப்’ என்ற தொடரைக் கேட்டிராதவர் நம்மில் அநேகமாக இல்லை. ஆனால் அதைக் கேட்டுப் புரிந்துகொள்வது ஒன்று. வேலையிடத்திலும் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் அதைத் தக்க ஆளிடம் தக்க தொனியில் பயன்படுத்துவது முற்றிலும் வேறொன்று. இரண்டாவதைக் கற்றுக்கொள்ள நான் பட்ட பாட்டில் பெரும்பகுதி, முன்கூட்டியே யாராவது சில விஷயங்களை எடுத்துச் சொல்லியிருந்தால் தேவைப்பட்டிருக்காது. ஆங்கிலத்தில் அன்றாட வேலை பார்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக அந்த விஷயங்களை, எதை முதலில் தெரிந்துகொண்டால் மற்றது எளிதாகுமோ அந்த வரிசையில் இங்கே தருகிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் சட்டென்று பிடிபடும்.

1. அவசரம் ஆளுக்கா, காரியத்துக்கா என்று பிரித்துக்கொள்ளுங்கள்

தமிழில் ‘அவசரம்’ என்ற ஒரே சொல் பல வேலைகளைச் செய்கிறது. ‘அவசரமாகப் போகிறேன்’ என்கிறோம், ‘அவசர வேலை இருக்கிறது’ என்கிறோம், ‘அவசர சிகிச்சைப் பிரிவு’ என்கிறோம், ‘அவசரப்பட்டு முடிவெடுத்துவிட்டான்’ என்கிறோம். ஆங்கிலம் இந்த நான்குக்கும் நான்கு தனிச் சொற்களை வைத்திருக்கிறது. புதியவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

‘ஹரி’ என்பது மனிதரின் நிலை. நேரம் போதாமையால் விரைந்து இயங்குகிறவரை, அல்லது விரைய வேண்டிய கட்டாயத்தில் இருப்பவரை, ‘இன் எ ஹரி’ என்பார்கள். ‘அர்ஜென்ட்’ என்பது காரியத்தின் தன்மை. உடனே கவனிக்காவிட்டால் கெட்டுப்போகும் வேலை, பதில் சொல்லியே ஆக வேண்டிய கடிதம், தள்ளிப்போட முடியாத பழுது ஆகியவையே அர்ஜென்ட். ‘எமர்ஜென்சி’ என்பது விபத்து, தீ, மாரடைப்பு போன்று திடீரென்று ஆபத்து நேர்ந்த நிலைமை. நான்காவதான ‘ஹேஸ்டி’ என்பதில் குறைகூறல் கலந்திருக்கிறது. யோசிக்காமல் எடுத்த முடிவையும் பொறுமையில்லாமல் சொன்ன பதிலையும் அது சுட்டும்.

ஆகவே வாயைத் திறக்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, அவசரம் யாருக்கு அல்லது எதற்கு என்பதுதான். பேச்சுத் தமிழில் ‘நான் கொஞ்சம் அர்ஜென்ட்டா இருக்கேன்’ என்று சொல்லிப் பழகிய நாக்கு, ஆங்கிலத்திலும் ‘ஐ ஆம் அர்ஜென்ட்’ என்று சொல்லிவிடும். அது தவறு, ‘ஐ ஆம் இன் எ ஹரி’ என்பதே சரி. அதேபோல ‘மை வொர்க் இஸ் ஹரி’ என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. ‘மை வொர்க் இஸ் அர்ஜென்ட்’ என்று சொல்ல வேண்டும். ‘ஐ ஹேவ் ஆன் அர்ஜென்ட் வொர்க்’ என்பதும் நம்மிடையே மிகப் பரவலான பிழை. ‘வொர்க்’ இந்தப் பொருளில் எண்ணிச் சொல்லக்கூடிய பெயர் அன்று. எனவே ‘ஐ ஹேவ் சம் அர்ஜென்ட் வொர்க்’ என்று சொல்லுங்கள்.

ஆளும் காரியமும் எப்போதும் சேர்ந்தே போவதில்லை என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். திரைப்படம் தொடங்கிவிடுமே என்று ஓடுகிறவர் ‘இன் எ ஹரி’யில் இருக்கிறார், அவர் போகும் காரியம் அர்ஜென்ட் அன்று. ஆபத்தான நிலையிலிருக்கும் நோயாளியைக் கவனிக்கும் மருத்துவர் நிதானமாக வேலை செய்யலாம். நோயாளியின் நிலை எமர்ஜென்சிதான். விடுப்புக் கேட்கும்போது எல்லாவற்றையும் ‘எமர்ஜென்சி’ என்று எழுதும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. உண்மையான ஆபத்து வரும் நாளில் அந்தச் சொல்லுக்கு மதிப்பிருக்க வேண்டும்.

2. ‘சீக்கிரம்’ என்று மனத்தில் தோன்றினால், எந்தச் சீக்கிரம் என்று பாருங்கள்

‘அவசரம்’ கூடப் பரவாயில்லை. என் பார்வையில் ‘சீக்கிரம்’தான் அதிகம் குழப்புவது. ‘இன்று சீக்கிரம் எழுந்தேன்’ என்பதில் வழக்கமான நேரத்துக்கு முன் என்று பொருள்; அதற்கு ஆங்கிலம் ‘எர்லி’. ‘அவர் சீக்கிரம் வந்துவிடுவார்’ என்பதில் இன்னும் சற்று நேரத்தில் என்று பொருள், அது ‘சூன்’. ‘சீக்கிரம் எழுதி முடி’ என்பதில் காலம் தாழ்த்தாதே என்று பொருள். அது ‘குவிக்லி’, அல்லது ஏவலாகச் சொன்னால் ‘ஹரி அப்’.

இவற்றோடு ‘ஃபாஸ்ட்’ என்ற இன்னொன்றும் வந்து சேர்கிறது. ஓட்டம், வண்டி, இணைய இணைப்பு என வேகத்தை அளக்கக்கூடியவற்றுக்கு ‘ஃபாஸ்ட்’ பொருந்தும். ஆகிற நேரம் குறைவு என்பதைச் சொல்ல ‘குவிக்’ பொருந்தும். சின்னக் கேள்வி ஒன்று கேட்க வேண்டும் என்பதற்கு ‘எ குவிக் கொஸ்டின்’ என்பார்களே தவிர ‘எ ஃபாஸ்ட் கொஸ்டின்’ என்று சொல்லமாட்டார்கள். ‘ஐ கேம் டு தி ஆபீஸ் ஃபாஸ்ட் டுடே’ என்று நீங்கள் சொன்னால், நேரத்துக்கு முன்பே வந்தீர்கள் என்று கேட்பவர் எடுத்துக்கொள்ளமாட்டார். வழியில் வேகமாக வந்தீர்கள் என்றுதான் நினைப்பார்.

‘ஹரி’ வேகத்தைக் குறிப்பதில்லை. நேர நெருக்கடியைக் குறிக்கிறது. போக்குவரத்து நெரிசலில் அசையாமல் நிற்கும் காருக்குள் உட்கார்ந்திருப்பவர்கூட ‘இன் எ ஹரி’யில் இருக்கலாம். நெருக்கடி மனிதருக்குத்தான் உண்டு என்பதால், இயந்திரங்களுக்கும் மென்பொருளுக்கும் இந்தச் சொல் அன்றாடப் பேச்சில் வராது. கணினி வேகமாக இயங்க வேண்டும் என்றால் ‘ஸ்பீட் அப்’ என்று சொல்ல வேண்டும்.

3. ஒலியையும் எழுத்தையும் சரிசெய்துகொள்ளுங்கள்

எச், யூ, ஆர், ஆர், ஒய் என்பவை எழுத்துகள். ஆர் இரண்டு இருந்தாலும் ஒலிப்பது ஒன்றுதான். அழுத்தம் முதல் அசையில் விழும். கவலையைக் குறிக்கும் ‘வரி’ என்ற ஆங்கிலச் சொல்லோடு இது எதுகை கொள்ளும். பிரிட்டிஷ் ஒலிப்பிலும் அமெரிக்க ஒலிப்பிலும் உயிரொலி மாறினாலும் இரண்டு சொற்களும் சேர்ந்தே மாறும். முதல் உயிரை ‘ஹே’ என்று நீட்டினால் முடி அடர்ந்தது என்ற பொருளுள்ள வேறு சொல்லாகிவிடும். ‘ஹா’ என்று திறந்தால் ஓர் ஆண் பெயரின் பக்கம் போய்விடும்.

இறந்தகால வடிவத்தில் ஒய் மறைந்து ஐ, ஈ, டி வரும். ‘ஹரியிங்’ என்று எழுதும்போது ஒய் அப்படியே நிற்கும். இந்த இரண்டை மாற்றி எழுதுவதுதான் வழக்கமான எழுத்துப் பிழை.

அகராதிக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. கற்போருக்கென்றே ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் பதிப்பகங்கள் தயாரித்த அகராதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; ஒலிப்பையும் கேட்கலாம். ஆங்கிலம்-தமிழ் அகராதியில் ‘விரைவு, அவசரம், துரிதம்’ என்று மூன்று சொற்களை அடுக்கிவிட்டு நிறுத்திவிடுவார்கள். அது நமக்குப் போதாது. கற்போர் அகராதியில் பொருளைவிட எடுத்துக்காட்டு வாக்கியங்களைத்தான் கவனிக்க வேண்டும். ‘ஹரி’ பெயர்ச்சொல்லாக வரும்போது அதற்குப் பன்மை கிடையாது என்பதும், அதற்குமுன் ‘எ’ எப்போது வரும் என்பதும் அங்கேதான் தெரியும். இந்தச் சொல்லையும் அதன் உறவுகளையும் ஒரு மாலைப்பொழுதில் படித்துவிடலாம். நாக்கில் படிவதற்கு மட்டும் சில வாரங்கள் பிடிக்கும்.

4. வாக்கியத்தில் அதற்குரிய இடத்தில் பொருத்துங்கள்

மிகவும் தேவைப்படும் தொடர் ‘இன் எ ஹரி’. நடுவிலுள்ள ‘எ’ கட்டாயம். ‘ஐ ஆம் இன் ஹரி’ என்பது நம்மவர் ஆங்கிலத்தை உடனே காட்டிக்கொடுத்துவிடும். ‘இன் எ’ முழுவதையும் விட்டுவிட்டு ‘ஐ ஆம் ஹரி’ என்று சொன்னாலோ, தமிழ்க் காதுக்கு ஒருவர் தம் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்வது போலிருக்கும். ஆங்கிலக் காதுக்கு அதுவும் இராது. அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் ‘வெரி’ உதவாது. ‘இன் எ பிட் ஆஃப் எ ஹரி’ என்றால் சற்று அவசரம். ‘இன் எ டெரிபிள் ஹரி’ என்றால் தலைபோகிற அவசரம். ‘இன் சச் எ ஹரி’ என்றால் இவ்வளவு அவசரம்.

இதன் பின்னால் ‘டு’ சேர்த்து வினையைக் கொண்டுவரலாம். ‘ஐ வாஸ் இன் எ ஹரி டு லீவ்’ என்றால் கிளம்பும் அவசரத்தில் இருந்தேன் என்று பொருள். ‘ஐ லெஃப்ட் இன் எ ஹரி’ என்றால் அவசர அவசரமாகக் கிளம்பினேன் என்று பொருள். முதலாவது மனநிலையையும் இரண்டாவது கிளம்பிய விதத்தையும் சொல்கின்றன. எதையாவது மறந்துவிட்டதற்குக் காரணம் சொல்ல ‘இன் மை ஹரி டு லீவ், ஐ ஃபர்காட் த கீஸ்’ என்ற அமைப்பு மிகவும் கைகொடுக்கும். இங்கே ‘எ’ இருந்த இடத்தில் ‘மை’ உட்கார்ந்துவிடுகிறது.

வினைச்சொல்லாக வரும்போது தமிழருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. நாம் ‘அவசரப்படு’, ‘அவசரப்படுத்து’ என்று தன்வினையையும் பிறவினையையும் தனித்தனி வடிவமாக வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஹரி’ ஒன்றுதான். பின்னால் ஆள் வந்தால் பிறவினை, வராவிட்டால் தன்வினை. ‘டோன்ட் ஹரி’ என்றால் அவசரப்படாதே. ‘டோன்ட் ஹரி மீ’ என்றால் என்னை அவசரப்படுத்தாதே. ‘ஷி ஹரீட் ஹோம்’ என்றால் அவள் வீட்டுக்கு விரைந்தாள்; ‘ஷி ஹரீட் த சில்ட்ரன் ஹோம்’ என்றால் பிள்ளைகளை விரட்டி வீட்டுக்கு அழைத்துப் போனாள். இந்த வாக்கியங்களில் ‘ஹோம்’ என்பதற்குமுன் ‘டு’ வரவில்லை என்பதையும் பாருங்கள். ‘டு த ஸ்டேஷன்’ என்று சொல்லலாம். ‘டு ஹோம்’ கூடாது.

‘ஹரீட்’ என்பது பெயரடையாகவும் வரும். ஆனால் அது ஆளைவிடச் செயலோடுதான் அதிகம் சேரும். ‘எ ஹரீட் நோட்’ என்றால் அவசரத்தில் கிறுக்கிய குறிப்பு. ஆளைப் பற்றிச் சொல்ல ‘இன் எ ஹரி’யே போதும்.

5. ‘ஹரி அப்’ என்று யாரிடம் சொல்லலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இலக்கணம் சரியாக இருந்தும் உறவு கெட்டுப்போகும் இடம் இது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தமிழில் ஏவலுக்கு மரியாதை விகுதி உண்டு. ‘சீக்கிரம் வா’ என்பதைச் ‘சீக்கிரம் வாங்க’ என்று மாற்றினால் கடுமை பாதி குறைந்துவிடும். வயதில் மூத்தவரிடமும் அப்படிச் சொல்லிவிட முடியும். ஆங்கில ஏவல் வினையில் அப்படி ஒட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை. அந்த வேலையை ‘ப்ளீஸ்’ செய்துவிடும் என்று நாம் நம்புகிறோம், அது செய்யாது. ‘ஹரி அப், ப்ளீஸ்’ என்பது பொறுமையிழந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது போலவே பெரும்பாலும் கேட்கும். குழந்தைகளிடமும் உடன்பிறந்தவரிடமும் நெருங்கிய நண்பரிடமும் ‘ஹரி அப்’ தாராளமாகப் புழங்கலாம். சக ஊழியரிடம், வாடிக்கையாளரிடம், அலுவலகச் சாளரத்துக்குப் பின்னால் இருப்பவரிடம், மேலதிகாரியிடம் சொல்லவே வேண்டாம்.

அப்படியானால் அவர்களிடம் என்னதான் சொல்வது? அவர்களை விரையச் சொல்லாமல், உங்களுடைய நேர நிலைமையைச் சொல்லுங்கள். சேர்ந்து கிளம்ப வேண்டியிருந்தால் ‘வி ஆர் ரன்னிங் எ பிட் லேட்’ என்று சொன்னாலே போதும். கேட்பவர் தாமாகவே எழுந்துவிடுவார். ‘ஷல் வி கெட் கோயிங்?’ என்று இருவரையும் சேர்த்துக் கேட்பதும் நயமானது. ஓர் ஆவணம் வேண்டுமென்றால் ‘குட் யூ லெட் மீ ஹேவ் இட் பை ஃபோர்? ஐ ஹேவ் டு சென்ட் இட் ஆன் டுடே’ என்று நேரத்தையும் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தவர்கள் விரைந்து செய்வதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ‘அர்ஜென்ட்’ என்று மட்டும் எழுதிய வேண்டுகோள்கள் குவியலில் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு விலக்கு உண்டு. ஆம்புலன்ஸையோ தீயணைப்புப் படையையோ அழைக்கும்போது ‘ப்ளீஸ் ஹரி’ என்று சொல்வது முழுக்கப் பொருத்தமானது. அங்கே ‘அப்’ இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘அப்’ சேர்ந்தால் கண்டிக்கும் தொனி ஏறும். அது இல்லாவிட்டால் வேண்டுதலாக நிற்கும்.

படங்களில் கேட்டுப் பழகிய ‘மேக் இட் ஸ்னாப்பி’, ‘சாப் சாப்’ போன்றவற்றைப் புரிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவை வேலையாளை ஏவும் குரலில் ஒலிப்பவை. ‘கெட் எ மூவ் ஆன்’ அவற்றைவிட மென்மையானது, அதுவும் வீட்டுக்குள்தான்.

6. மற்றவர் சொல்லும்போது சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

‘தேர் இஸ் நோ ஹரி’, ‘நோ ரஷ்’ என்று ஒருவர் சொன்னால் அவசரமில்லை என்று பொருள். செய்யவே வேண்டாம் என்று பொருளன்று. மேலதிகாரி சொன்னால், இந்த வாரத்துக்குள் வேண்டுமா என்று உடனே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. அதற்கு ‘வென் வுட் யூ லைக் இட் பை?’ என்ற ஒரு வாக்கியம் போதும்.

‘டேக் யுவர் டைம்’ என்பதன் பொருள் தொனியைப் பொறுத்தது. கனிவாகச் சொன்னால் நிதானமாகச் செய்யுங்கள் என்று அர்த்தம். நீங்கள் தாமதித்த பிறகு, சொற்களை இழுத்துச் சொன்னால் அது கிண்டல். ‘வாட்ஸ் த ஹரி?’ என்பதிலும் இப்படி இரண்டு முகம் உண்டு: ஏன் இவ்வளவு அவசரம் என்ற உண்மையான கேள்வியாகவும் இருக்கலாம், இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகலாமே என்ற உபசரிப்பாகவும் இருக்கலாம்.

‘இன் நோ ஹரி’ என்பதைக் கவனமாகக் கேளுங்கள். ‘ஐ ஆம் இன் நோ ஹரி’ என்று ஒருவர் தம்மைப் பற்றிச் சொன்னால் அவருக்கு அவசரமில்லை. ‘தே ஆர் இன் நோ ஹரி டு பே’ என்று பிறரைப் பற்றிச் சொன்னால், பணம் கொடுக்க அவர்களுக்கு மனமில்லை என்ற குறிப்பு அதில் இருக்கிறது.

சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் தலைகீழாகிவிடும் தொடரும் ஒன்று உண்டு. ‘ஐ வோன்ட் பி கோயிங் தேர் அகேன் இன் எ ஹரி’ என்பதற்கு, அவசரமாக அங்கே போகமாட்டேன், மெதுவாகப் போவேன் என்று பொருளன்று. இப்போதைக்கு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று பொருள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இது அடிக்கடி வரும். அமெரிக்கப் படைவீரர் பேச்சில் புழங்கிப் பரவிய ‘ஹரி அப் அண்ட் வெயிட்’ என்பதையும் தெரிந்துவைத்திருங்கள்: ஓடி ஓடிப் போய்ச் சேர்ந்தபின் அங்கே வெகுநேரம் காத்துக் கிடக்க வேண்டியதைக் குறிக்கும் சலிப்பு அது.

‘ஐ ஹேவ் டு ரன்’ என்று தொலைபேசியில் ஒருவர் சொன்னால் அவர் எங்கும் ஓடப்போவதில்லை. பேச்சை முடித்துக்கொள்ள விரும்புகிறார், நீங்களும் முடித்துக்கொள்ளுங்கள்.

7. ‘ரஷ்’ என்ற சொல்லை நம் வழக்கிலிருந்து விடுவியுங்கள்

‘இன் எ ரஷ்’ என்பதும் ‘இன் எ ஹரி’ என்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பேச்சுத் தமிழில் கூட்டத்தை ‘ரஷ்’ என்கிறோம். ‘பஸ் ஒரே ரஷ்ஷா இருக்கு’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘த பஸ் இஸ் ரஷ்’ என்று ஒரு வாக்கியமே கிடையாது. ‘க்ரவுடட்’ அல்லது ‘பேக்ட்’ என்று சொல்ல வேண்டும்.

நோயாளியை விரைந்து கொண்டு சேர்த்தார்கள் என்பதற்கு ‘ஹி வாஸ் ரஷ்ட் டு ஹாஸ்பிடல்’ என்பதே வழக்கு. அமெரிக்கர் ‘ஹாஸ்பிடல்’ என்பதற்குமுன் ‘த’ சேர்ப்பார்கள். அதே இடத்தில் ‘ஹி ஹரீட் டு த ஹாஸ்பிடல்’ என்று சொன்னால் அவர் தம் காலாலேயே விரைந்து போனார் என்று ஆகிவிடும். ‘ரஷ் ஜாப்’ என்றால் அவசரமாகச் செய்த வேலை. பல நேரங்களில், அதனால் அரைகுறையாகப் போன வேலை என்ற குறிப்பும் சேர்ந்திருக்கும். பிறர் வேலையை அப்படி அழைக்குமுன் யோசியுங்கள்.

8. எழுத்தில் அவசரத்தை நாளும் நேரமுமாக மாற்றுங்கள்

மின்னஞ்சலில் ‘ஹரி’ என்ற சொல்லுக்கு ஏறத்தாழ இடமே இல்லை. அவசரத்தைக் காலக்கெடுவாக மாற்றித்தான் எழுத வேண்டும். காலக்கெடுவைச் சொல்லும் சிறு சொற்கள்தான் நம்மை வழுக்கி விழச் செய்பவை.

‘பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமைக்குள். அதற்கு முன்பும் முடிக்கலாம். ‘அன்டில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளி வரை தொடர்ந்து. ஒரு வேலையை முடித்துத் தர இது கெடுவாகாது. ‘வித்தின் டூ அவர்ஸ்’ என்றால் இரண்டு மணி நேரத்துக்குள். ‘இன் டூ அவர்ஸ்’ என்றால் இரண்டு மணி நேரம் கழித்து. கடைசி இரண்டையும் மாற்றி எழுதுவதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமன்று. உள்ளேயா கழித்தா என்ற ஐயம் எழும் இடத்தில் ‘நோ லேட்டர் தன் ஃபோர் பி.எம்.’ என்று எழுதிவிடுங்கள். எதிரில் இருப்பவர் வேறு நாட்டில் இருந்தால் எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ‘பை எண்ட் ஆஃப் டே’ என்பது அவரவர் நாளின் முடிவாகிவிடும்.

‘அட் தி எர்லியஸ்ட்’ என்பதற்குத் தனி எச்சரிக்கை தேவை. இந்திய அலுவலக ஆங்கிலத்தில் ‘ப்ளீஸ் ரிப்ளை அட் தி எர்லியஸ்ட்’ என்றால் கூடிய விரைவில் என்று எல்லோருக்கும் புரியும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ‘மண்டே அட் தி எர்லியஸ்ட்’ என்றால் திங்களுக்குமுன் முடியாது என்று பொருள். அதாவது நீங்கள் விரைவுபடுத்த எழுதும் சொல், அங்கே தாமதத்தைச் சொல்லும் சொல். வெளிநாட்டினருக்கு எழுதும்போது ‘ஆஸ் சூன் ஆஸ் யூ கேன்’ என்று எழுதுங்கள். கூட்டத்தை முன்னதாக நடத்தச் சொல்லும் ‘ப்ரீபோன்’ என்ற சொல்லும் இப்படித்தான். நம் நாட்டில் அது நன்கு வேரூன்றிய சொல். வெளியே பலருக்குத் தெரியாது. அங்கே ‘ப்ரிங் ஃபார்வர்ட்’ அல்லது ‘மூவ் அப்’ என்பார்கள்.

‘ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்’ என்பதன் முதலெழுத்துச் சுருக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதினால் அதட்டுவது போலிருக்கும். ‘அட் யுவர் எர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்’ மரியாதையானது. ஆனால் ‘உங்களுக்கு வசதிப்படும்போது’ என்றே அதைப் பலர் எடுத்துக்கொள்வார்கள் என்பதால், நாளைக்கே வேண்டிய விஷயத்துக்கு அது உதவாது. பதில் வராதபோது ‘ஜென்டில் ரிமைண்டர்’ என்று தலைப்பிட்டு அனுப்பும் பழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. அதிலுள்ள மென்மை அனுப்புகிறவருக்குத் தெரியும் அளவு பெறுகிறவருக்குத் தெரிவதில்லை. ‘ஐ ஆம் ஃபாலோயிங் அப் ஆன் மை மெயில் ஆஃப் மண்டே’ என்று எதைப் பற்றி, எப்போது எழுதினீர்கள் என்பதைச் சொல்லி, மறுபடியும் கெடுவைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

9. படிவத்திலும் கட்டணத்திலும் அவசரத்தின் வேறு பெயர்களை அடையாளம் காணுங்கள்

படிவங்களில் ‘ஹரி’ வராது. அதன் கோட்டு சூட்டு போட்ட உறவினர்கள் வருவார்கள்: ‘எக்ஸ்பிடைட்டட்’, ‘எக்ஸ்பிரஸ்’, ‘ப்ரயாரிட்டி’, ‘ரஷ் ஃபீ’. இவை எல்லாமே கூடுதல் பணம் கட்டினால் விரைவாக நடக்கும் என்பதையே சொல்கின்றன. ஆனால் எது விரைவாக நடக்கும் என்பதைத்தான் படித்துப் பார்க்க வேண்டும்.

‘எக்ஸ்பிடைட்டட் ப்ராசஸிங்’ என்றால் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பது விரைவுபடுகிறது. முடிந்த ஆவணம் உங்கள் கைக்கு வரும் அஞ்சல் நேரம் அதில் சேர்ந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ‘எக்ஸ்பிரஸ் ஷிப்பிங்’ என்றால் அனுப்புவது விரைவுபடுகிறது. பொருளை எடுத்துக் கட்டி வெளியே அனுப்ப எடுக்கும் நாட்கள் தனி. இரண்டும் தேவைப்படுகிறவர் ஒன்றுக்கு மட்டும் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பது அடிக்கடி நடக்கிறது. ‘டஸ் தட் இன்க்ளூட் டெலிவரி டைம்?’ என்று பணம் கட்டுமுன் கேளுங்கள்.

நாட்களை எண்ணும்போது ‘பிசினஸ் டேஸ்’ என்றிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் வார இறுதியும் பொது விடுமுறையும் கணக்கில் வாரா. ‘டென் பிசினஸ் டேஸ்’ என்றால் குறைந்தது இரண்டு வாரங்கள். எண்ணிக்கை எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதும் முக்கியம். விண்ணப்பித்த நாளிலிருந்து என்று நாம் நினைப்போம். துணை ஆவணங்கள் அனைத்தும் கிடைத்த நாளிலிருந்து என்று அடியில் எழுதியிருக்கும். ஒரு நகல் விடுபட்டாலும் கட்டிய விரைவுக் கட்டணம் வீணாகிக்கொண்டிருக்கும் என்பதால், ‘சப்போர்ட்டிங் டாக்குமென்ட்ஸ்’ என்ற பட்டியலை ஒவ்வொன்றாக அடித்துச் சரிபார்த்த பிறகே ‘எக்ஸ்பிடைட்டட்’ என்ற பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். ‘நான்-ரிஃபண்டபிள்’ என்ற சொல் கட்டணத்தின் பக்கத்தில் இருந்தால், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்பி வராது.

அவசரப்படுத்தும் ஆங்கிலத்தை மிகத் திறமையாகக் கையாள்கிறவர்கள் விற்பனையாளர்களும் மோசடிக்காரர்களும்தான். ‘ஹரி! வைல் ஸ்டாக்ஸ் லாஸ்ட்’ என்பது கையிருப்பு உள்ளவரை மட்டும் என்ற விளம்பர வாசகம். அதில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் ‘இமீடியட் ஆக்‌ஷன் ரிக்வயர்ட்’ என்றோ, ‘யுவர் அக்கவுண்ட் வில் பி சஸ்பெண்டட் வித்தின் ட்வெண்டி ஃபோர் அவர்ஸ்’ என்றோ வரும் செய்தியில் ஒரு இணைப்பும் இருந்தால் அதைத் தொடாதீர்கள். உங்கள் வங்கியின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பாருங்கள், அல்லது அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை அழையுங்கள். தொலைபேசியில் பேசுகிறவரே அவசரப்படுத்தினால் ‘ஐ வில் கால் யூ பேக் ஆன் தி அஃபிஷியல் நம்பர்’ என்று சொல்லித் துண்டித்துவிடுங்கள். அவர் தரும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டாம்.